பதினேழாம் உறை

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
குஹ்மோ சுகாதார நிலையத்தின் சன்னலுக்கு வெளியே
பனி, தன் பாட்டுக்கு.
மேசை இழுப்பறையில் நாற்பது உறைகள்.
தடித்த பழுப்புக் காகிதம், மடிப்பின்மேல் முத்திரை,
மூலையில் எண்.
ஒவ்வொன்றின் உள்ளும் ஒரே ஒரு சொல்:
ஊசி, அல்லது பயிற்சி.

தம்பெரேயில் ஏதோ ஓர் அறையில்
ஒரு கணினி குலுக்கிப் போட்ட வரிசை அது.
திருவுளச்சீட்டு என்று சொல்லலாம்,
திருவுளத்தைக் கழித்துவிட்டால்.
யாருக்கும் இரங்காது, யாரையும் பகைக்காது,
அதுதான் அதன் அறம் என்றார்கள் பயிலரங்கில்.
தலையாட்டினேன். காப்பி நன்றாயிருந்தது.

இருபத்து மூன்று வருடமாகத் தோளில் ஊசி போடுகிறேன்.
விறகு பிளந்த தோள், வலை இழுத்த தோள்,
மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்த தோள்.
எலும்பின் விளிம்பைத் தடவித் தேடி
அதற்கும் கீழே, சற்றே மேல்நோக்கி...
என் கட்டைவிரலுக்கு வழி தெரியும்.
குணமானவர்கள் வந்து கைகுலுக்கினார்கள்.
வராதவர்களையும்
குணமானவர்கள் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

ஹெல்வி தபால்காரி.
வண்டியின் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டி
சன்னல்வழியே கைநீட்டிக் கைநீட்டி
சாலையோரப் பெட்டிகளில் கடிதம் போட்டது
முப்பத்தொரு வருடம்.
இப்போது அந்தக் கை காதுவரை எழவில்லை.
முடியை இடக்கையால் கோணலாக முடிந்திருந்தாள்.
சம்மதத் தாள் பன்னிரண்டு பக்கத்தையும் படித்து
ஒன்பதாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுக்
கையெழுத்துப் போட்டாள்.

கோட்டைக் கழற்ற அவளுக்கு ஆன நேரத்திலேயே
எனக்குத் தெரிந்துவிட்டது, இவளுக்கு ஊசிதான்.
பயிற்சி என்று வந்தால்
இந்த உறையை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டு
ஏதோ காரணம் சொல்லி இவளைச் சோதனைக்கு வெளியே நிறுத்தி
எப்போதும்போல் போட்டு அனுப்பிவிடலாம்.
யாருக்கு என்ன நட்டம்?

அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பொத்தானோடு மல்லாடுகையில்
பதினேழாம் உறையை,
குளிர்கால மனச்சோர்வுக்கென்று நான் வாங்கிவைத்த
வெள்ளை விளக்கின் முன் பிடித்தேன்.
நிழல்போல் ஏதோ.
நீளச் சொல்லா, குட்டைச் சொல்லா?

“டாக்டர்” என்றாள், திரும்பாமலே.
மருந்து அலமாரிக் கண்ணாடியில்
நான் தெரிந்திருக்க வேண்டும்.
“என் பையில் என்னென்னவோ வந்திருக்கிறது.
கோர்ட்டுக் கடிதம்.
பக்கத்து வீட்டுக்காரனை விட்டுப் போனவள்
அவனுக்கு எழுதியது.
என் தங்கைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது.
ஒன்றையும் நான் வெளிச்சத்தில் பிடித்ததில்லை.”

கிழித்தேன்.
பயிற்சி.
அவள் முகம் கொஞ்சம் விழுந்தது.
என் முகம் அதைவிட.

ஆறாவது வாரமும்
இடக்கையால்தான் காப்பி ஊற்றினாளாம்.
கதவுப்பிடியில் கட்டிய ரப்பர் பட்டையை
இழுக்கும்போதெல்லாம் என்னைத் திட்டினாளாம்.
பதினெட்டாம் உறையில் ஊசி விழுந்த ஐமோவோ
உறைந்த ஏரியில் துளையிட்டு
மீன் பிடித்துக்கொண்டிருந்தான்.
பார்த்தாயா, என்றது என் கட்டைவிரல்.

அடுத்த குளிர்காலம்
தோளைப் பிடித்துக்கொண்டு ஐமோ மறுபடி வந்தான்.
ஹெல்வி வரவில்லை.
வராதவர்களையும் கேட்டாக வேண்டும் என்பது விதி;
போன் செய்தேன்.
“பெட்டி எட்டுகிறது. ராத்திரி வலிக்கிறது.
எழுதிக்கொண்டீர்களா, இரண்டையும்?”

ஒரு ஐமோ, ஒரு ஹெல்வி.
அதை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது.
எண்ணூற்றுப் பன்னிரண்டு தோள்களைச் சேர்த்துத்தான்
அந்தப் படம் வந்தது: இரண்டு கோடுகள்.
முதலில் ஊசிக்கோடு துள்ளி விலகுகிறது,
மெல்லத் தளர்கிறது,
வருட முடிவில் எது எதுவென்று
கண்ணாடி போட்டும் தெரியவில்லை.

கேட்டால் இன்னும் போடுகிறேன்.
போடும் முன் சொல்கிறேன்:
சில வாரங்கள் சீக்கிரம் கிடைக்கும், அவ்வளவுதான்.
சிலர் அந்தச் சில வாரங்களையே கேட்கிறார்கள்,
அறுவடைக்கு, ஒரு கல்யாணத்துக்கு,
பிறந்த பிள்ளையைத் தூக்க.

கட்டைவிரல் மட்டும்
அந்தப் படத்தை இன்னும் நம்பவில்லை.
விளக்கை
வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டேன்.